நேர் எதிர்ப்புள்ளி

புவியின் ஓரிடத்திலிருந்து அதன் மையத்தின் வழியே நேர்கோடு சென்றால், மறுபுறம் அது வெளிப்படும் இடம். இரண்டுக்கும் தரைவழித் தொலைவு சுமார் 20,000 கி.மீ. கண்டறியும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: அட்சரேகையில் வடக்கைத் தெற்காக்குக, தீர்க்கரேகையை 180-இலிருந்து கழித்து, மேற்கைக் கிழக்காக்குக. மாட்ரிட் நகருக்கு (40°25′ வடக்கு, 3°42′ மேற்கு) விடை 40°25′ தெற்கு, 176°18′ கிழக்கு; நியூசிலாந்தின் வடக்குத் தீவில் வெபர் என்னும் சிற்றூரின் அருகே. இவ்வாறு நிலத்துக்கு எதிரே நிலம் அமைவது அரிது, பெரும்பாலும் கடலே வாய்க்கும். நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே, 1800-இல் ஹென்றி வாட்டர்ஹவுஸ் கண்ட ஆன்டிபோடீஸ் தீவுகள் லண்டனுக்கு ஏறத்தாழ எதிரே இருப்பதால் அப்பெயர் பெற்றன. கணக்கிட்டால் அவற்றின் எதிர்ப்புள்ளி பிரான்சில், ஷெர்பூருக்குக் கிழக்கேயுள்ள நார்மண்டிக் கரையோரம் விழுகிறது.