தோற்றது யார் சார்?

ஜூலை பாதி தாண்டினால் நம் குரோம்பேட்டை, தாம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் கலாம் படம் வர ஆரம்பித்துவிடும். ஜூலை 27 அவர் நினைவு நாள். வருடா வருடம் நானும் பகிர்கிறேன். அதற்கு நான்கு நாள் முன்னால், ஜூலை 23, இன்னொருவருடைய நினைவு நாள். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் கலாமை எதிர்த்து நின்று தோற்றவர் அவர். அவர் விஷயத்தில் வகுப்பறையில் நான் ஒரு தவறு செய்தேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002 ஜூலை 18 அன்று முடிவு வந்தது. மறுநாள் காலை எங்கள் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். ராமேஸ்வரத்துப் பையன், அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர், இன்று நாட்டின் முதல் குடிமகன் என்று பேசினேன். பிள்ளைகள் தினமும் பார்க்கிற கல்லூரி அது. கைதட்டல் அடங்க நேரமானது. ஜூன் மாதம் பிரதமர் வாஜ்பாயிடமிருந்து அழைப்பு வந்தபோதும் கலாம் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். பாடம் எடுத்து முடித்த நேரம். வாத்தியார்களுக்கு அது ஒரு தனிப் பெருமை.

முதல் பீரியட் எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எம்.எல்.ஏ. வாக்கின் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4 கோடியே 12 லட்சம் கிட்ட. அதை 234 தொகுதியால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுத்தால் 176. தாம்பரம் எம்.எல்.ஏ.வுக்கும் 176தான். உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எம்.பி.க்கு 708. சேலையூர், மாடம்பாக்கம் எல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த காலத்துத் தலைக்கணக்கு இன்னும் ஏன் என்று கேட்பீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976ல் நிறுத்தி வைத்தார்கள். அது பெரிய கதை, தனியாக எழுதுகிறேன்.

கலாமுக்கு 9,22,884. எதிர் வேட்பாளருக்கு 1,07,366. எழுதி முடித்தேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "தோற்றது யார் சார்?" என்றாள்.

"யாரோ ஒரு அம்மா. சும்மா பேருக்கு நிறுத்தினாங்க. நீ உட்காரு."

பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் பேப்பரில் படித்ததுதான். ஆனால் கொண்டாட்ட நேரத்தில் தோற்றவர் பெயர் எதற்கு என்று இருந்துவிட்டேன். பத்து வருடம் கழித்து, 2012 ஜூலையில், கான்பூரில் அவர் 97 வயதில் இறந்த செய்தியைப் படித்தபோதுதான் அந்தப் பெண் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது.

கேப்டன் லட்சுமி. 1914ல் சென்னையில் பிறந்தவர். அப்பா சுவாமிநாதன் வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்களில் ஒருவர். லட்சுமி 1938ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். 1940ல் சிங்கப்பூர் போய், அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943ல் நேதாஜி வந்தபோது ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசில் பெண்கள் துறை அமைச்சரும் அவரே.

அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த கைகள். இந்தியாவை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் பலர். அவர்களோடு பர்மா வரைக்கும் போனார் லட்சுமி. அங்கே பிடிபட்டு, 1946ல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். திருமணத்துக்குப் பிறகு கான்பூரில் குடியேறி, தொண்ணூறு வயது தாண்டியும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971 வங்கதேச அகதி முகாமிலும் வேலை செய்தார். இதெல்லாம் தெரிந்திருந்தும் "யாரோ ஒரு அம்மா" என்றேன்.

இன்னொரு விஷயம். கலாம் தன் குரு என்று சொல்லிக்கொண்ட விக்ரம் சாராபாயின் மனைவி, நாட்டியக் கலைஞர் மிருணாளினி. அவருடைய கூடப்பிறந்த அக்காதான் லட்சுமி. சொந்த மச்சினிச்சிக்கும் அருமைச் சீடனுக்கும் போட்டி. சாராபாய் 1971லேயே போய்விட்டார். இருந்திருந்தால் யாருக்கு வாழ்த்துச் சொல்லியிருப்பாரோ!

சும்மா பேருக்கு நின்றாரா? ஜெயிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், நிறுத்திய இடதுசாரிக் கட்சிகளுக்கும் தெரியும். பா.ஜ.க. கூட்டணி, காங்கிரஸ், தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகள் எல்லாம் கலாம் பக்கம். குஜராத் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்தக் கேள்வியைத் தேர்தலில் யாராவது பேச வேண்டும் என்று நின்றார். அப்போது வயது 87. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் கலாமுக்குத்தான் போட்டிருப்பேன், மறைக்க மாட்டேன். ஆனால் அவர் நின்றதால்தான் அது தேர்தல் ஆனது. இல்லாவிட்டால் மனுத்தாக்கலோடு முடிந்திருக்கும்.

அப்படி முடிந்ததும் உண்டு. 1977ல் நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியே இல்லாமல் வந்தார். குடியரசுத் தலைவர் தேர்தல் முறையை அயர்லாந்திடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று பாடத்தில் நடத்துவோம் அல்லவா? அந்தச் சின்ன நாட்டில் மக்களே நேரடியாக ஓட்டுப் போடுவார்கள். அங்கேயும் 2004ல் மேரி மெக்கலீஸ் ஒருவர் மட்டுமே களத்தில் இருந்ததால் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. எதிர்த்து நிற்க ஒருவர் இல்லையென்றால் மக்களுக்கே ஓட்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை. நம் நாட்டில் நமக்கு அந்த ஓட்டும் கிடையாது. பேப்பரில் இரண்டு பெயரைப் படித்து, டீக்கடையில் பேசுவதுதான் நம் பங்கு. அதில் ஒரு பெயரை என் வகுப்பில் நானே அழித்துவிட்டேன்.

அந்த மாணவிக்கு இப்போது முப்பத்தைந்து வயது கடந்திருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. பழைய மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவளைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். கேட்டதற்குப் பதில் தாமதமாக வந்திருக்கிறது, சாருக்கு மன்னிப்பு என்று சொல்லுங்கள்.

லட்சுமி தன் உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக எழுதி வைத்திருந்தார். அதனால் போய் நிற்கச் சமாதி எதுவும் கிடையாது. மலாயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ திரும்பி வந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பாட்டி யாராவது அந்தப் படையில் இருந்ததாகச் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். பழைய போட்டோ இருந்தாலும் போடுங்கள்.