கியர்ப் பெட்டியைத் திறக்குமுன்

ஐப்பசி மாதம், மழைக் காலம். குறுவை நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு பழைய லாரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வண்டியின் அடியிலிருந்து கரகரவென்று ஓர் ஓசை எழுகிறது. ஓட்டுநர் நிறுத்துகிறார். கியர்ப் பெட்டியில் கோளாறு என்கிறார் ஒருவர். இல்லை, பின் அச்சில் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இது சிறிய கேள்வியன்று. கியர்ப் பெட்டியை இறக்க வேண்டுமானால் முதலில் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். பிறகு கிளட்ச் மூடியோடு சேர்ந்த போல்ட்டுகளை எடுக்க வேண்டும். கனத்த வார்ப்பிரும்புப் பெட்டியைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு நாள் வேலை அதிலேயே போய்விடும். இத்தனையும் செய்து, பெட்டிக்குள் எல்லாம் சரியாக இருந்தால்? லாரிக்காரருக்குக் கூலி நட்டம். நெல்லுக்கு உரியவருக்கோ அதைவிடப் பெரிய நட்டம். அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மழையில் நனைந்த மூட்டை அந்த அளவைத் தாண்டிவிடும், சில நாளில் முளையும் விட்டுவிடும்.

ஆகவே திறவாமலே நோயை அறிய முடியுமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. முடியும். கியர்ப் பெட்டி வளர்ந்த வரலாற்றிலேயே அதற்கு வழி ஒளிந்திருக்கிறது.

எஞ்சினுக்குக் கியர்ப் பெட்டி ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். வண்டி மாடு ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது தானாகவே நடையைக் குறைத்துத் தோளைக் கொடுத்து இழுக்கும். நீராவி எஞ்சினுக்கும் நின்ற நிலையிலிருந்தே இழுக்கும் ஆற்றல் உண்டு. பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்கு அந்தக் குணம் கிடையாது. சுற்று குறைந்தால் முறுக்குவிசையும் குறைந்து அவை அணைந்துபோகும். எனவே எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு, சக்கரத்தை மெதுவாக, ஆனால் வலுவாகச் சுழற்றும் பல்சக்கரங்கள் இடையில் தேவைப்பட்டன. 1891-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் எமில் லெவசார் என்னும் பொறியாளர் தம் மோட்டார் வண்டியில் இதற்கொரு வழி செய்தார். இணையான இரண்டு தண்டுகள்; ஒன்றின் மேலுள்ள பல்சக்கரங்களை நகர்த்தி மற்றதன் சக்கரங்களோடு பொருத்துவது. சுழன்றுகொண்டிருக்கும் பற்களைப் பக்கவாட்டில் மோதிச் சேர்க்கும் முரட்டு வேலைதான். ஆனாலும் உலகம் அதையே ஏற்றுக்கொண்டது.

நம் பகுதிக்கும் இந்த முறையே வந்தது. 1910-களின் தொடக்கத்தில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார். அந்நாளைய வண்டிகளில் கியர் மாற்றுவது தனி வித்தை. கிளட்சை ஒரு முறை அழுத்தி நடுநிலைக்கு வந்து, விட்டு, எஞ்சின் வேகத்தைச் சரிப்படுத்தி, மறுபடி அழுத்தி அடுத்த கியரைப் போட வேண்டும். தவறினால் பல்லின் ஓரம் தெறிக்கும். சாலையில் சிதறிக் கிடக்கும் லாடத்து ஆணிகளைப் பொறுக்க அவர் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டினார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். காந்தத்தை நினைவில் வையுங்கள். பின்னால் நமக்கும் அது வேண்டியிருக்கும்.

அடுத்த மாற்றம்தான் நம் கதைக்கு முக்கியம். 1898-ஆம் ஆண்டின் இறுதியில் லூயி ரெனோ என்ற 21 வயது இளைஞர் பாரிஸ் நகரத்தின் செங்குத்தான லெபிக் தெருவில் தம் சிறு வண்டியை ஏற்றிக் காட்டினார். அவ்வண்டியின் கியர்ப் பெட்டியில் ஒரு புதுமை இருந்தது. உச்ச கியரில் விசை பல்சக்கரங்களின் வழியே போகாமல், உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். கீழ்க் கியர்களில் மட்டுமே விசை கீழே இறங்கி, 'லே ஷாஃப்ட்' எனப்படும் துணைத் தண்டைச் சுற்றி, மறுபடி மேலே ஏறி வரும். பல்லோடு பல் உராயும் இழப்பைக் குறைக்கவே ரெனோ இதைச் செய்தார். மெக்கானிக்குக்கு உதவும் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அவர் ஒரே பெட்டிக்குள் விசைக்கு இரண்டு பாதைகளைத் திறந்து வைத்துவிட்டார். பாதையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் நோய் எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரிந்துவிடுமன்றோ?

இப்போது நம் லாரிக்கு வருவோம். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை நடுநிலையில் வையுங்கள். கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இப்போது உள்ளே வரும் தண்டும் லே ஷாஃப்டும் மட்டும் சுழல்கின்றன. ஓசை கேட்கிறதா? கிளட்சை அழுத்துங்கள், இரண்டும் நின்றுவிடும். ஓசையும் நின்றால் கோளாறு அவ்விரண்டின் பேரிங்கிலோ அவற்றை இணைக்கும் பல்சக்கரத்திலோ இருக்கிறது. மாறாக, அழுத்தும்போதுதான் ஓசை பிறக்கிறது என்றால் கிளட்ச் பேரிங்கை முதலில் பாருங்கள். பெட்டியைத் திறந்தாலும் உள்ளே எதுவும் கிடைக்காது.

நிற்கும்போது ஓசையே இல்லையென்றால் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு கியரில் மட்டும் கத்தினால் அந்த இணைப் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. கீழ்க் கியர்கள் எல்லாவற்றிலும் கத்தி, உச்ச கியரில் அடங்கினால் லே ஷாஃப்ட் தரப்பில் பழுது. உச்ச கியரிலும் லே ஷாஃப்ட் சும்மா சுழன்றுகொண்டுதான் இருக்கும். அதன் மேல் சுமை இராது. ஆகையால் ஓசை குறையுமே தவிர அறவே ஒழியாது. எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி கேட்டு, நடுநிலையில் வண்டியை உருளவிட்டாலும் தொடர்ந்தால், பெட்டியின் பின் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் அச்சின் க்ரவுன் சக்கரமும் பினியனும் என்று பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். மன்னார்குடி லாரிக்குப் பெட்டியை இறக்கும் வேலை இல்லாமலே போகலாம்.

கைதேர்ந்த மெக்கானிக்குகள் நீண்ட எஃகுக் கம்பியின் ஒரு முனையைப் பெட்டியின் மேல் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். இரும்பிலிருந்து காற்றுக்கு மாறும் எல்லையில் ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. கம்பி வழியே வரும்போது அந்த இழப்பு இல்லை. 1816-இல் லெனெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அதற்கு இது தம்பி முறை.

கேட்பதை எண்ணவும் செய்யலாம். கணக்குக்காக, எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். அதாவது வினாடிக்கு 10. உள்தண்டின் பல்சக்கரத்துக்கு 20 பற்கள், அதோடு சேரும் லே ஷாஃப்ட் சக்கரத்துக்கு 40 பற்கள் இருக்கட்டும். வினாடிக்கு 200 முறை பல்லோடு பல் கூடும். அது சீரான ரீங்காரமாகக் கேட்கும். உள்தண்டில் ஒரு பல் தெறித்திருந்தால் அந்த ரீங்காரத்தின் ஊடே வினாடிக்கு 10 'டக்' கேட்கும். லே ஷாஃப்ட் பல் தெறித்திருந்தால் 5 தான். கடிகாரமும் பொறுமையும் இருந்தால் எந்தச் சக்கரம் என்றே சொல்லிவிடலாம்!

பற்களை நகர்த்தி மோதும் தொல்லையைக் குறைக்கப் பிற்பாடு வேறு ஏற்பாடுகள் வந்தன. சக்கரங்கள் எப்போதும் கூடியே இருக்கும். சிறு பூட்டுப் பற்கள் மட்டும் நகர்ந்து தண்டோடு சேர்க்கும். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்சனின் 'சிங்க்ரோமெஷ்' வந்தது. பூட்டுவதற்கு முன் உராய்வினால் இரு வேகங்களையும் சமப்படுத்தும் முறை அது. கனரக லாரிகளுக்கு இது தாமதமாகவே வந்து சேர்ந்தது. பழைய லாரிகள் பலவற்றில் மேல் கியர்கள் எப்போதும் கூடியிருக்கும் வகை. முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும் லெவசார் காலத்து நகரும் வகையே. கியர் தானாக நழுவி வெளியே வரும் நோய் பூட்டுப் பற்கள் தேய்வதாலோ, நகர்த்தும் கவை தேய்வதாலோ, அதைப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங் தளர்வதாலோ உண்டாவது. மூன்றில் ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதுவே மலிவு, பல வண்டிகளில் பெட்டியை இறக்காமலே எட்டவும் செய்யும்.

சமவெளியான தஞ்சைத் தரணியில் கியர்ப் பெட்டிக்கு என்ன கேடு வரப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நல்ல சாலையில் லாரி உச்ச கியரிலேயே ஓடும், பற்களுக்கு ஓய்வு. கேடு சேற்றில் இருந்தது. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் 1954-லிருந்து டாடா-மெர்சிடிஸ் லாரிகள் உருவாயின. அவை டெல்டாவில் பெருகிய அதே காலத்தில், 1960-களின் நடுவில், ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்து குறுவைப் பரப்பை விரித்தது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் விழும். 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்து, கொள்முதல் நெல்லும் வாய்க்கால் கரைகளிலிருந்து லாரியேறியது. சேற்றில் புதைந்த வண்டியை ஓட்டுநர் எப்படி மீட்பார்? முதல் கியர், ரிவர்ஸ், மறுபடி முதல் கியர் என்று ஊசலாட்டி. நகரும் வகைப் பற்கள் உள்ள இரண்டே கியர்கள் அவை! நெல் வண்டியில் பல்லின் ஓரங்கள் உதிர்ந்திருந்தால் முதலில் இங்கேதான் தேட வேண்டும். புது நெல் ரகம் ஒன்று பல்சக்கரத்தில் தழும்பு வைத்ததென்றால் வேடிக்கையாக இருக்கிறதல்லவா?

திறப்பதற்கு முன் மிஞ்சியிருப்பது எண்ணெய்ச் சோதனை. வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதே அடித் திருகைக் கழற்றி எண்ணெயை வெள்ளைத் துணி வழியே வடியுங்கள். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய வண்டியில் காற்றுத் துளை வழியே இது நேரும். பித்தளை நிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ வளையமோ வெண்கலப் புஷ்ஷோ தேய்கிறது. ஒரு காந்தத்தைத் துணியின் மேல் ஓட்டுங்கள். மாவு போன்ற கருந்தூள் ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம், கவலை வேண்டாம். மீன் செதில் போன்ற தகடுகள் ஒட்டினால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. இனிப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

முழுப் பல்லே விழுந்திருந்தால் அதன் முறிவு முகத்தைப் பாருங்கள். 1842-இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். மறு ஆண்டே ராங்கின் என்ற பொறியாளர் இத்தகைய அச்சுகளை ஆராய்ந்து, விரிசல் சிறிதுசிறிதாக வளர்ந்தே முறிவு வருகிறது என்று காட்டினார். அந்த வளர்ச்சியின் அடையாளம் பல்லிலும் இருக்கும். ஒரு மூலையிலிருந்து சிப்பியின் வரிகள்போல விரிந்து வழவழப்பாகப் போய், கடைசிப் பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால் நெடுநாள் களைப்பு. பக்கத்துப் பற்களும் அதே சுமையைச் சுமந்தவைதாம், எனவே ஜோடிச் சக்கரங்கள் இரண்டையும் மாற்ற வேண்டும். முகம் முழுவதும் சர்க்கரைப் பொடிபோல ஒரே சொரசொரப்பாக இருந்தால் அது ஒரே அடியில் முறிந்த பல். அந்த அடி எங்கே விழுந்தது என்று ஓட்டுநரைக் கேளுங்கள். எந்த ஊர் வாய்க்கால் கரை என்பதுவரை பெரும்பாலும் அவருக்கு நினைவிருக்கும்.