மழைநாளின் கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. அங்கே என் பெரியப்பா வீட்டு முன்கூடத்தில் ஒரு குழித்தறி உண்டு. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அது நின்றுவிடும். குழியில் ஈரம் ஊறும். பட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டு பாவு தொய்யும். அடுத்த பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கவும் வழியில்லை, தெருவே நனைந்து கிடக்கும். சின்ன வயதில் எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. பெரியப்பா நாள் முழுக்க வீட்டில் சும்மா இருக்கிறாரே! ஒருநாள் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ஆமாண்டா, மழ பேஞ்சா எங்களுக்கு லீவுதான். சம்பளமில்லாத லீவு."

தமிழ்நாட்டு மின்சாரத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த வாக்கியம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. நிலக்கரியை விட்டுவிட்டுச் சூரியனுக்கும் காற்றுக்கும் மாறுவதைப் பற்றி உலகமே பேசுகிறது. புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று 2023இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் நாடுகள் முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்ற கணக்குகள் நிறையக் கிடைக்கின்றன. பெரியப்பாவின் கணக்குதான் அவற்றில் இல்லை. வெயிலும் காற்றும் வராத நாளின் செலவு யாருடையது?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நம்முடைய அரசு மின்சாரம் நிலக்கரியில் தொடங்கவில்லை, தண்ணீரில் தொடங்கியது. சென்னை மாகாண அரசு 1927இல் மின்சாரத்துக்கென்று தனித் துறை அமைத்தது. 1932இல் நீலகிரியின் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும், 1944இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் ஓடத் தொடங்கின. காரணம் சுற்றுச்சூழல் மீதான அக்கறை அல்ல. மாகாணத்தின் தென்பகுதியில் நிலக்கரி கிடையாது, வங்காளம், பீகார் பக்கமிருந்து கொண்டுவர வேண்டும். மலையில் தண்ணீர் இருந்தது, இறக்கிவிட்டார்கள். பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்ததும் அங்கே நூற்பாலைகள் பெருகியது எல்லோரும் அறிந்த கதை.

ஆனால் தண்ணீரை நம்பினால் மழையை நம்ப வேண்டும். பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அணைகள் இறங்கின, ஆலைகளுக்கு மின்வெட்டு வந்தது. தறிக்கு மழை பெய்தால் நட்டம், ஆலைக்கு மழை பெய்யாவிட்டால் நட்டம். இரண்டுமே வானத்தைப் பார்த்து வேலை செய்தன.

இந்தச் சார்பிலிருந்து வெளியே வரத்தான் நிலக்கரி வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956இல் நிறுவனம் அமைந்தது, 1962இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் வந்தது. அடுத்து 1970இல் எண்ணூர், 1979இல் தூத்துக்குடி.

நிலக்கரி என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த வெயிலின் சேமிப்பு. மழையோ பனியோ, அள்ளிப் போட்டால் எரியும். அது பருவத்தையே ஒழித்துவிட்டது. இதன் அருமை முதலில் புரிந்தது இங்கிலாந்தின் பஞ்சாலை முதலாளிகளுக்கு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஆற்று நீரில் ஓடும் ஆலைகள் ஏராளம். நீராவியைவிட நீர் மலிவு, தட்டுப்பாடும் இல்லை. பிறகு ஏன் நிலக்கரிக்கு மாறினார்கள்? ஆந்த்ரேயாஸ் மால்ம் 2016இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதற்குச் சொல்லும் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆற்றை நகரத்துக்குக் கொண்டுபோக முடியாது, நிலக்கரியைக் கொண்டுபோகலாம். தொழிலாளர்கள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பது நகரத்தில்தான். அதோடு, ஆறு தன் இஷ்டத்துக்கு ஓடும். தண்ணீர் குறைந்த நாட்களில் இழந்த நேரத்தை, தண்ணீர் வந்ததும் தொழிலாளியைக் கூடுதல் நேரம் நிறுத்திவைத்து முதலாளி ஈடுகட்டினார். போராட்டங்களுக்குப் பிறகு 1847இல் பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்ததும் அந்த வழி குறுகியது. கடிகாரப்படி ஓடும் நீராவி எஞ்சின் ஜெயித்தது.

அதாவது, ஆறு வற்றிய நாளின் செலவை அதுவரை தொழிலாளி தன் உடம்பால் கட்டிக்கொண்டிருந்தார். நிலக்கரி வந்த பிறகு செலவு மறைந்துவிடவில்லை, வேறு இடத்துக்குப் போனது. நம் ஊரில் அது நெய்வேலியைச் சுற்றி நிலம் கொடுத்த கிராமங்களுக்கும், சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்துக்கும், எல்லோர் தலைக்கும் மேலிருக்கும் வானத்துக்கும் போனது. 2023 ஜூலையில் வளையமாதேவி பக்கம் கதிர் வரும் பயிருக்குள் சுரங்க நிறுவனத்தின் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடைவெளிகள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றின் வழியே பீறிக்கொண்டு வரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லிவந்த அதே காற்று. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகளை நட்டார்கள். பிறகு கயத்தாறு, முப்பந்தல். 90களில் தனியார் வந்தார்கள். முதலீட்டுக்குப் பெரிய வரிச்சலுகை கிடைத்ததால் நூற்பாலைகளும் துணி ஆலைகளும் போட்டி போட்டுக்கொண்டு காற்றாலை வாங்கின. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் பலமாக வீசும். ஆலை வருடம் முழுக்க ஓட வேண்டும். இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதன் பெயர் 'பேங்கிங்'. ஆனியில் உன் காற்றாலை உற்பத்தி செய்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள், மாசியில் தேவைப்படும்போது எடுத்துக்கொள், கட்டணமாகக் கொஞ்சம் யூனிட்டை விட்டுக்கொடு. வங்கியில் பணம் போடுவது மாதிரி. முதன்முதலில் இதைப் படித்தபோது வியந்தேன். ஆடிக்காற்றைச் சேமித்து வைக்க ஒரு வங்கி!

ஆனால் மின்சாரம் பணம் இல்லை, பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது. ஆனியில் வந்த யூனிட் ஆனியிலேயே செலவாகிவிட்டது. மாசியில் ஆலைக்குத் திருப்பித் தர வாரியம் நிலக்கரியை எரிக்க வேண்டும், அல்லது வெளியே விலைக்கு வாங்க வேண்டும். காற்றில்லாத நாளின் செலவு ஆலையின் தோளிலிருந்து இறங்கி ஒரு பொது நிறுவனத்தின் தோளில், அதாவது எல்லோர் தோளிலும் ஏறியது. காற்றாலைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. நன்றாகக் காற்றடிக்கும் நாளில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது அவர்களின் நெடுநாள் புகார். இந்த ஏற்பாடு இல்லாமல் காற்றாலை இவ்வளவு வளர்ந்திருக்காது என்பதும் உண்மை. நான் அதைத் தவறென்று சொல்லவில்லை. ஆலையின் மழைநாளுக்கு ஒரு வங்கி இருந்தது, தறியின் மழைநாளுக்கு எதுவும் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

தறிக்கு எதற்கு மின்சாரம் என்று கேட்கலாம். கைத்தறி கையாலும் காலாலும் ஓடுவது. ஆனால் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா, கரையும் உடலும் சேருமிடத்தில் ஓர் இழை தப்பினாலும் தெரிந்துவிடும். மின்விளக்கு வருவதற்கு முன் பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது. விளக்கு வந்த பிறகு நாள் நீண்டது. மழையில் இழந்த நாட்களை இரவில் கண்விழித்து ஈடுகட்டலாம் என்றானது. இங்கிலாந்து ஆலைத் தொழிலாளி கதையேதான். ஒரு வித்தியாசம், இங்கே கூடுதல் நேரம் நிற்கச் சொல்ல முதலாளி பக்கத்தில் இல்லை. மழை மாதத்தில் வாங்கிய முன்பணம் அந்த வேலையைச் செய்தது.

2008இலிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. நாட்டிலேயே அதிகக் காற்றாலைகள் வைத்திருந்த மாநிலம், காற்று ஓய்ந்ததும் இருட்டில் உட்கார்ந்தது. தறியில் வியர்த்துக்கொண்டு பெரியப்பா இருட்டைத் திட்டியது நினைவிருக்கிறது. காற்று சரியாகத்தான் வீசியது, சரியாகத்தான் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு என்ன செய்வது என்ற ஏற்பாட்டில்தான் கோளாறு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருந்தது 2016இல் 200, 2023இல் 300 ஆனது. விசைத்தறிக்கு அதே காலத்தில் 500, 750, 1000. விளக்குக்கும் விசிறிக்கும் இது பேருதவி. ஆனால் இலவச மின்சாரம் வேலை நடக்கும் நாளுக்கான உதவி. தறி நின்ற நாளுக்கு அதனால் பயனில்லை.

இப்போது சூரியன். 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. பகலில் மின்சாரம் கொட்டுகிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் போடும் நேரத்தில், சூரியன் இல்லை. பேட்டரி வேண்டும், அணை வேண்டும். கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980களின் இறுதியிலிருந்தே 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தட்டுப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இதுதான் உண்மையான சேமிப்பு. நீலகிரியின் குந்தாவிலும் இப்படி 500 மெகாவாட் திட்டம் கட்டப்படுகிறது. இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அது யூனிட் விலையிலா, வரியிலா, மலையிலா, யாரோ ஒருவர் இருட்டில் உட்காருவதிலா என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்ய முடியாது. அது அரசியல்.

நிலக்கரியை விட்டே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படி விடும்போது பருவம் திரும்பி வரும், கூடவே மழைநாளும். அதன் செலவைப் பங்கு போட ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. கடல் ஓய்வெடுக்கும் நாளின் செலவைக் கடலுக்குப் போகிறவர் மட்டும் சுமக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். தறிக்கு ஏன் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது?

போன ஐப்பசியில் ஐயம்பேட்டைக்குப் போயிருந்தேன். மழை. தறியின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள். சோலார், பேட்டரி என்று நான் படித்ததையெல்லாம் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிடா. மழ பேஞ்சா அதுவும் நின்னுடும்ல?"

"குறையும் பெரியப்பா."

"அப்ப அதுக்கு யாரு அட்வான்ஸ் குடுப்பா?"