தீர்மானிய ஒழுங்கின்மை

அடுத்த நிலையை ஐயமின்றித் தீர்மானிக்கும் விதியொன்றுக்கு உட்பட்ட தொகுதி, தற்செயல் எதுவும் கலக்காமலே, நெடுநாளைக்கு எதிர்வுகூற முடியாதபடி நடந்துகொள்வது. ‘கயாஸ்’ என்ற பெயரும் வழக்கில் உண்டு.

இதற்கு, வண்ணத்துப்பூச்சியின் சிறகடிப்பு தொலைவில் புயலாகலாம் என்று உதாரணம் காட்டுவார்கள். அதைவிடக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வாசர் தேய்ந்த பைப் நல்ல ஆசிரியர். மெல்லத் திறந்தால் சொட்டுகள் சம இடைவெளியில் விழும். இன்னும் சற்றுத் திறந்தால் நீண்டதும் குறுகியதுமாக இடைவெளி மாறிமாறி வரலாம். மேலும் திறந்தால் தாளமே தப்பும். ஒரு சொட்டு அறுந்ததும் பைப்பில் எஞ்சும் நீர் ஆடுகிறது. அடுத்த சொட்டு எப்போது விழும் என்பதை அந்த ஆட்டம் முடிவுசெய்கிறது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேட் ஷோ 1984இல் இதைப் பற்றி நூலே எழுதினார்.

கடதாசியிலும் செய்து பார்க்கலாம். 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணொன்றை எடுத்து, 1இலிருந்து அதைக் கழித்துவரும் எண்ணால் பெருக்கி, பின் 4ஆல் பெருக்குக. விடையை மறுபடி அதே விதிக்குள் இடுக. 0.3இல் தொடங்கினால் பத்தாம் படியில் 0.04 அளவில் நிற்போம், 0.301இல் தொடங்கினால் 0.62. நாலுக்குப் பதில் 3.2 என்றால் விடை ஈரெண்களுக்கிடையே ஊசலாடும், 3.5இல் நான்கு எண்கள், ஏறத்தாழ 3.57ஐத் தாண்டினால் ஒழுங்கின்மை, ஆனால் 3.83இல் மூன்றெண் சுழற்சியொன்று திடீரெனத் தலைகாட்டும். விதி மாறவில்லை, ஓர் எண்தான் மாறியது. சூழலியலாளர் றொபேட் மே என்பவர் 1976இல் இதை உயிரியலாளருக்கு எடுத்துச் சொன்னார்.

வானிலையியலாளர் எட்வேட் லொறென்ஸ் 1961இல் கணினி வானிலை மாதிரியில் 0.506127க்குப் பதில் 0.506 என இட்டு, முற்றிலும் வேறான வானிலையைப் பெற்றார். ஐப்பசிப் பின்னேர இடிமழை கொட்டாஞ்சேனையில் கொட்டிவிட்டு வெள்ளவத்தையில் தூறாமலே போகலாம். எந்தத் தெருவில் பெய்யும் என்று ஒரு கிழமை முந்திச் சொல்லமுடியாததற்குச் சிறு வேறுபாடு இப்படிப் பெருகுவதே முக்கிய காரணம்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணன், கே. முரளி, அமெரிக்காவின் லியோன் சுவா மூவர் பெயரிலும் வழங்கும், ஒழுங்கின்மையை உண்டாக்கும் மின்சுற்று 1994இல் வெளியானது. மின்தூண்டி, கொள்ளளவி, தடை, நேர்கோட்டுக்கு அடங்காத ஓர் உறுப்பு, ஆடலோட்ட முதல் ஆகியவையே போதும். அலைவுகாட்டியில் ஒழுங்கின்மையைக் கண்ணால் காணலாம்.

கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், இதேபோல் எளிய விதியொன்றைத் திரும்பத் திரும்பச் செய்து வரையப்படும் மண்டல்புறோ கணம் பற்றிய 1995ஆம் ஆண்டு ஆவணப்படத்தைத் தொகுத்தளித்தார். அந்தக் கணத்தின் விதியோ ஒரே வரி: எண்ணை வர்க்கித்து, ஒரு மாறிலியைக் கூட்டி, திரும்பச் செய். அதன் விளிம்பை எவ்வளவு உருப்பெருக்கினாலும் புதிய சுருள்கள் வந்துகொண்டே இருக்கும்.