இருதயத்தின் ஒலியும் மானிப்பாய் வகுப்பும்

கல்குடாவில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நமக்குத் தொண்டை நோவென்று விடுப்பெடுக்கும் மாணவன் புதியவனல்லன். அந்நோவில் ஒருவகை, கவனியாது விடப்பட்டால், மூட்டுவாதக் காய்ச்சலாக மாறி இருதயத்தின் வால்வுகளையே கெடுத்துவிடும். நெருக்கமான குடிசைகளில் வாழ்வோரையே அது மிகுதியும் பற்றுகிறது. செல்வநாடுகள் அதனைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. ஏழைநாடுகளில் அது இன்னும் உயிர் குடிக்கிறது. தடுப்பதற்குப் பெனிசிலின் போதும். ஆனால் பழுதுபட்ட வால்வின் முணுமுணுப்பைக் கேட்டறியப் பயின்ற செவி வேண்டும். அச்செவியை எங்கே, எம்மொழியிற் பயிற்றுவது?

இவ்வினாவை நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எதிர்கொண்டார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டு மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். தேறியவர்களோ அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்களையும் நாடினர்; கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். இதனைக் கண்டு, 1864இல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

தமிழில் நூலில்லை என்ற சாக்கை (இன்றும் நம் காதில் விழும் சாக்குத்தான்) அவர் ஏற்கவில்லை. தமிழ் மாணவர் துணையுடன் நூல்களை ஆக்கினார். 1867இல் ‘இரண வைத்தியம்’ வந்தது; 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது. பின்னது, 1858இல் லண்டனில் வெளியான கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது. அதன் வடமொழிக் கலைச்சொற்களை இன்று வாசித்தால் நா தடுமாறும். ஆயினும் இருதயத்தின் அமைப்பைத் தமிழ் மாணவன் தமிழில் கற்றான். சமயம் பரப்ப வந்தவர் அவர் என்பதை நாம் மறக்கவில்லை. செய்த வேலை அதனாற் சிறுத்துவிடாது. அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் பயின்றவர்.

1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி எழுந்தது. அதன் மொழி ஆங்கிலம். 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை.

இருதய நோய்க்கென வைத்தியரைப் பயிற்றும் முயற்சி பின்னரே வந்தது. பர்மாவிற் பிறந்து அமெரிக்காவில் பயின்ற பத்மாவதி, 1954இல் தில்லியில் இருதயச் சிகிச்சையகம் தொடங்கியது அதன் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

இன்று மட்டக்களப்பிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் வைத்தியரை உருவாக்குகிறது, பாடம் ஆங்கிலத்தில். பிள்ளையின் மார்பில் குழாயை வைத்து மாணவன் ஒலியைக் கண்டுகொள்கிறான். அருகில் நிற்கும் தாய் கேட்கிறாள்: “காய்ச்சல்தான் விட்டிட்டே தம்பி, பிறகும் மாசத்துக்கு மாசம் ஏன் ஊசி?”