குளிக்கவா, கும்பிடவா? குற்றாலமும் இங்கிலாந்தின் பாத் நகரமும்

 

அடுத்த தமிழ்நாட்டு யாத்திரைக்கு ஊர்ப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். மதுரை, திருநெல்வேலி, திருச்செந்தூர் என்று வரும்போது யாருக்கும் மறுப்பு இல்லை. குற்றாலம் என்று எழுதினால் மட்டும் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. "அது குளிக்கிற இடம்தானே, யாத்திரையில் எதுக்கு?" என்று ஒரு கட்சி. "அருவியில குளிக்காம வந்தா போனதே வேஸ்ட்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருமே குற்றாலத்தில் பாதியை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம். அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் தூரம் போய்விட்டு வருவோம். நம்ம பிள்ளைகள் சிலர் லண்டனில் படிக்கிறார்கள். லீவு கிடைத்தால் காலையில் ரயில் ஏறி பாத் என்ற ஊருக்குப் போய், சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் கூட ஆகாத பயணம். அங்கே எடுத்த படங்களை நமக்கும் அனுப்புகிறார்கள். பச்சை நிறத்தில் ஒரு பெரிய குளம், சுற்றிலும் கல் தூண்கள். பார்த்தால் நம்ம கோயில் தெப்பக்குளம் மாதிரியே இருக்கும். அது வெறும் தோற்றம் மட்டும் இல்லை. அது ஒரு காலத்தில் உண்மையிலேயே கோயில் குளம்தான்.

அந்த ஊருக்கும் தல புராணம் உண்டு. பிளாடுட் என்று ஒரு இளவரசனுக்குத் தொழுநோய் வந்து, அரண்மனையை விட்டுத் துரத்திவிட்டார்களாம். அவன் பன்றி மேய்த்துப் பிழைத்தான். பன்றிகளுக்கும் நோய் தொற்றியது. அவை ஓரிடத்தில் வெந்நீர்ச் சேற்றில் புரண்டதும் குணமாகின. இவனும் இறங்கிக் குளித்தான், நோய் போனது. பிறகு ராஜாவாகி அங்கேயே ஊர் கட்டினான் என்று கதை. நோய் தீர்த்த குளம், சாபம் நீங்கிய ராஜா என்று நம்ம ஊரில் எத்தனை கதை கேட்டிருப்போம்!

இனி வரலாறு. அந்த ஊற்றில் 46 டிகிரி சூட்டில் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருகிறது. ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த ஊர் மக்கள் சூலிஸ் என்ற பெண் தெய்வத்தை அங்கே கும்பிட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமர்கள் வந்தார்கள். தங்களுடைய மினர்வா தேவியும் உங்கள் சூலிஸும் ஒன்றுதான் என்று சொல்லி, இரண்டு பெயரையும் சேர்த்துக் கோயில் கட்டினார்கள். நம்ம ஊர் எல்லை அம்மன் பார்வதி அம்சம் ஆன மாதிரிதான்.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் பொருளைத் திருடக் கொடுத்தவர்கள் எழுதிப் போட்டவை. என் துணியைத் திருடியவனைச் சும்மா விடாதே தாயே என்ற மாதிரி வேண்டுதல். நம்ம ஊரில் காசு வெட்டிப் போடுவதும், மிளகாய் அரைத்துப் பூசுவதும் ஞாபகம் வருகிறதா? மனுஷ மனசு எங்கேயும் ஒன்றுதான்.

அந்த அம்மன் இப்போது எங்கே? நான்காம் நூற்றாண்டுக் கடைசியில் ரோமப் பேரரசு பழைய கோயில்களை மூடியது. அந்தக் கோயிலும் இடிந்து மண்ணுக்குள் போனது. 1727ல் கழிவுநீர்க் கால்வாய் தோண்டியவர்கள் கையில் அந்த அம்மனின் தலை கிடைத்தது. வெண்கலத்தில் வார்த்து தங்க முலாம் பூசிய தலை. உடம்பு கிடைக்கவில்லை. இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம். விளக்கு இல்லை, பூ இல்லை, கும்பிட ஆள் இல்லை.

அந்தக் குளத்திலும் இன்று யாரும் குளிக்க முடியாது. 1978ல் அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி, தண்ணீரில் இருந்த அமீபா கிருமி மூளையைத் தாக்கி இறந்துபோனாள். குளியலை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆழ்குழாய் போட்டு, சுத்தமான தண்ணீர் எடுத்து, 2006ல்தான் வேறு கட்டடத்தில் மறுபடி குளிக்க விட்டார்கள். யுனெஸ்கோ 1987லேயே அந்த நகரத்தை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்துவிட்டது. 2021ல் ஐரோப்பாவின் 11 குளியல் நகரங்களைச் சேர்த்து அறிவித்தபோது அதிலும் பாத் இருந்தது. கல்லெல்லாம் பத்திரமாக இருக்கிறது. பக்தி மட்டும் போய்விட்டது.

இப்போது குற்றாலத்துக்கு வருவோம்.

"தென்னாட்டு ஸ்பா" என்று சுற்றுலாக்காரர்கள் குற்றாலத்துக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பா என்பது ஐரோப்பாவில் பெல்ஜியம் நாட்டில் இருக்கும் ஒரு ஊரின் பெயர். அந்த ஊர்ப் பெயரே எல்லாக் குளியல் நகரத்துக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஆனால் குற்றாலத்துக்கு இரவல் பட்டம் தேவையே இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தப் பெருமான் வந்து பாடிய தலம் அது. அதுவும் ஒரு பதிகம் இல்லை, இரண்டு. திருக்குற்றாலத்துக்கு ஒன்று, அங்குள்ள தல மரமான குறும்பலாவுக்குத் தனியாக ஒன்று. ஒரு மரத்துக்கே பதிகம் கிடைத்த ஊர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தல புராணம் பலருக்கும் தெரிந்திருக்கும். முன்பு திருமால் கோயிலாக இருந்ததை, அகத்திய முனிவர் உள்ளே போய்த் தலையில் கை வைத்து அழுத்தி, சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பார்கள். கோயில் அமைப்பு சங்கு வடிவம். சுவாமி குற்றாலநாதர், அம்பாள் குழல்வாய்மொழி அம்மை. பக்கத்திலேயே பேரருவி இரைந்து விழுகிறது. மேலேயிருந்து வரும் சிற்றாறு நேராகத் தரையில் விழாமல், நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து பொங்கி, அப்புறம்தான் கீழே இறங்குகிறது. அதனால்தான் அதன் அடியில் மனிதர் நிற்க முடிகிறது. நேராக விழுந்தால் யார் தலை தாங்கும்?

அருவிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுவாமிக்குக் குளிர்ச்சி தாக்கும் என்று மூலிகைத் தைலம் காய்ச்சி லிங்கத்துக்குச் சாத்துகிறார்கள். கஷாயமும் நைவேத்தியம் உண்டு. நம்ம வீட்டுக் குழந்தை மழையில் நனைந்தால் என்ன செய்வோமோ அதையே சாமிக்கும் செய்கிறார்கள். இந்தப் பாசத்தை எந்த மியூசியத்தில் பார்க்க முடியும்?

அடுத்து சித்திர சபை. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலம் சித்திரம். மற்ற சபைகளில் சிலையாக ஆடுபவர் இங்கே சுவர் ஓவியமாக ஆடுகிறார். பிரதான கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தனியாக, தெப்பக்குளத்தோடு இருப்பதால், அருவியில் குளித்துவிட்டு அப்படியே பஸ் ஏறுகிற கூட்டம் இதைத் தவறவிட்டுவிடுகிறது. மார்கழித் திருவாதிரைக்கு அங்கே நடக்கும் தாண்டவ தீபாராதனை விசேஷம்.

தமிழுக்கும் இந்த ஊர் கொடுத்தது கொஞ்சமில்லை. பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். குற்றாலநாதர் மேல் காதல் கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி குறி சொல்கிற கதை. மலை, அருவி, குரங்கு, குறவர் வாழ்க்கை எல்லாம் அதில் வரும். சென்னை கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அருண்டேல் 1944ல் அதை நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார். ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே போனார்கள்.

வெள்ளைக்காரர்களும் இந்த ஊரை விடவில்லை. சீசனுக்கு அதிகாரிகளும் பாளையங்கோட்டைப் பாதிரிமார்களும் வந்து தங்கினார்கள். பங்களாக்கள் எழுந்தன. திருவாங்கூர் ராஜாவுக்கும் அங்கே அரண்மனை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிக் கொண்டுவரும் சாரல் இருக்கிறதே, அதுக்காகத்தான் எல்லாரும் வந்தார்கள்.

இதில் நம்ம மலேசியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்கஸ் தீவுகளை 1796ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. அங்கேதான் ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தன. அந்தச் செடிகளைத் தங்கள் கையிலுள்ள ஊர்களில் வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பினாங்கில் நட்டார்கள். 1800 வாக்கில் குற்றாலத்திலும் வாசனைத் தோட்டம் போட்டார்கள். பினாங்கு ஜாதிக்காய் ஜூஸ் குடித்திருப்பீர்கள். குற்றாலத்து ஜாதிக்காயும் அதற்கு உறவுதான். இன்றைக்கும் சீசனில் குற்றாலம் கடைவீதியில் மங்குஸ்தான், ரம்புத்தான், டுரியான் மூன்றும் கிடைக்கும். நம்ம ஊரிலிருந்து போகிறவர்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். விலையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பிளப்பார்கள்!

கம்பெனி போய்விட்டது, ராஜாவும் போய்விட்டார். குற்றாலநாதருக்குத் தைலம் சாத்துவது நிற்கவில்லை. பாத்துக்கும் குற்றாலத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே தண்ணீர் வேறு, தெய்வம் வேறு என்று ஆகிவிட்டது. இங்கே குளிப்பவனும் கும்பிடுபவனும் ஒரே ஆள். அந்த இரண்டையும் நாமே பிரித்துவிடக் கூடாது.

பிரிகிற அறிகுறி தெரியாமல் இல்லை. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது காலங்காலமான பழக்கம். ஆனால் ஒரு சீசனில் லட்சக்கணக்கான பேர் எண்ணெயும் ஷாம்பூவும் சோப்பும் கொட்டினால் எந்த ஆறு தாங்கும்? 2014ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தத் தடை போட்டது. கோர்ட்டு சொல்லித்தான் தீர்த்தத்தைச் சுத்தமாக வைக்க வேண்டுமா? 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அருவியை வேடிக்கைப் பொருளாக நினைக்கக் கூடாது.

ரொம்ப தூரம் போக வேண்டாம், நம்ம பத்துமலையையே பாருங்கள். 1892லிருந்து தைப்பூசம் நடக்கிற இடம். காவடி எடுப்பவர்கள் பக்கத்தில் ஓடும் பத்து ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். இப்போது ஆற்றங்கரையில் குழாய்த் தண்ணீர் பூவாளி வைத்திருக்கிறார்கள். ஆறு அங்கேயேதான் ஓடுகிறது, முங்கத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது. நாங்கள் பேக்டரியில் வேலை பார்க்கிறவர்கள். கூலிங் டவர் தண்ணீரைக் கூட முறையாக டெஸ்ட் பண்ணித்தான் விடுவோம். மிஷினுக்குக் காட்டுகிற அக்கறையைத் தீர்த்தத்துக்கும் காட்டினால் போதும்.

அதனால் எங்கள் யோசனை இது. குற்றாலம் பட்டியலில் இருக்கட்டும், ஒரு முழு நாளாக இருக்கட்டும். மதுரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்ப வேண்டும். போய் இறங்கியதும் முதலில் அருவி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. போலீஸ்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், "மலேசியாவிலிருந்து வந்திருக்கோம் சார்" என்று கெஞ்சக் கூடாது. சோப்பு, ஷாம்பூ பாக்கெட், எண்ணெய் எதுவும் பையிலேயே வேண்டாம். பரிகாரம் என்று ஈரத் துணியைத் தண்ணீரில் விடுவதும் வேண்டாம். மாற்றுத் துணி கட்டி, திருநீறு இட்டு, குற்றாலநாதர், அம்பாள், குறும்பலா தரிசனம். சாப்பாட்டுக்கு அப்புறம் சித்திர சபை, கட்டாயம். திரும்பும் வழியில் தென்காசி காசி விஸ்வநாதர்.

பெரியவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் அருவிக்குள் இறங்க வேண்டும் என்று இல்லை. கையில் நீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தம்தான். யாத்திரைக்குப் பெயர் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஆலயத்தில் சொல்லுங்கள். குற்றாலம் வேண்டாம் என்று சொன்ன அண்ணன்மார்களும் அக்காமார்களும் இதைப் படித்துவிட்டு உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

திருச்சிற்றம்பலம்.