பெருவிரலுக்கு 30 விழுக்காடு

"கைநாட்டு வைக்கிற பெருவிரலே போச்சு மாமா. மனுவுல எதை வைக்கச் சொல்றாக?"

சாத்தூர் பக்கம் ஒரு சேரியில் மனு எழுதிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் பட்டாசு செட்டில் மருந்து செலுத்துகையில் கை வெந்தவர். பக்கத்திலிருந்த மாமா பட்டாளத்துக்காரர். அவர் கையிலும் ஒரு காகிதம். காது மந்தமானது பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை என்று அதில் எழுதியிருந்தது. "ஒனக்கு விரல் இல்ல மாப்ள, எனக்குக் காது இல்ல. ரெண்டு பேருக்கும் ரிக்கார்டு இல்ல" என்றார் மாமா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவகாசியின் வரலாற்றை 1923-லிருந்து சொல்வார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, ஊரில் தொழில் தொடங்கிய ஆண்டு அது. உழைப்பால் உயர்ந்த கதை என்று அதைப் படம் போட்டுச் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் வெள்ளைக்கார அரசாங்கம் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் போட்டதும் அதே 1923-இல்தான். 1924 ஜூலை 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. தொழில் வந்த கதை சேரிவரை தெரியும். சட்டம் வந்த கதையை நம்ம சனங்களிடம் யார் சொன்னார்கள்?

அந்தச் சட்டத்தில் ஒரு அட்டவணை உண்டு. இரண்டு கையும் போனால் 100 விழுக்காடு. பெருவிரல் போனால் 30. வலதுகை ஆட்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12. ஒரு கண் போய் மறுகண் நன்றாக இருந்தால் 40. முகம் மிக மோசமாகச் சிதைந்தால் 100. கறிக்கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறதே என்று கோபம் வரும். ஆனால் இந்தப் பட்டியலின்படிகூட நமக்கு அளந்து கொடுக்கவில்லை என்பதுதான் வரலாறு.

நிரந்தர ஊனத்துக்குக் கணக்கு இப்படி: மாதக் கூலியில் 60 விழுக்காடு, அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கி, அதில் ஊன விழுக்காடு. கூலி எவ்வளவு? பீஸ் ரேட். சீட்டு கிடையாது. லைசென்சு ஒருத்தர் பேரில், செட் உள்குத்தகைக்கு இன்னொருத்தர் கையில், ஆள் கூட்டி வந்தவர் வேறொரு ஏஜென்ட். கை வெந்ததும் மூவரும் ஒரே குரலில் "இவன் நம்ம ஆளு இல்ல" என்பார்கள். காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஆளானாலும் மூல முதலாளியே பொறுப்பு என்று 12ஆம் பிரிவு சொன்னது. ஆனால் உயிர் தப்பி, முழு முடமாகாமல் கிடப்பவனைப் பார்த்து "பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினான்" என்று முதலாளி நழுவ, 3ஆம் பிரிவில் ஒரு சந்தும் இருந்தது.

விழுக்காடு மட்டுமே முடிவல்ல என்று 1975-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒரிசாவில் சினிமாக் கொட்டகை வேலையில் விழுந்து இடது கையை இழந்தார் ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 விழுக்காடு இழப்பு என்றது தீர்ப்பு. பணம் விபத்து நடந்த நாளிலிருந்தே பாக்கி என்றும் சொன்னது. மருந்து செலுத்தியே பிழைத்தவனுக்குக் கை முடங்கினால் எத்தனை விழுக்காடு என்று நாம் கேட்க வேண்டிய இடம் இது.

இனி மாமாவின் காகிதத்துக்கு வருவோம். சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் ஏராளமாக இருந்தார்கள். 1890-களில் 'போர்க்குடி' என்ற கதையைக் கட்டி ஒடுக்கப்பட்டவர்களை வெள்ளையர்கள் ஒதுக்கினார்கள். மகர்களுக்கும் அதே கதி. சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் அம்பேத்கர் படையின் கதவு மறுபடி திறக்கப் போராடினார். 1941-இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. துப்பாக்கி ஆசைக்கா அந்தப் போராட்டம்? பட்டாளம் சம்பளம் தந்தது, பென்சன் தந்தது, நம் பெயர் எழுதிய ஏடு ஒன்றையும் தந்தது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், விருதுநகர் வட்டாரமும் சேர்ந்திருந்த அந்த மண்ணில், நிமிர்ந்து நின்று 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனும் பட்டாளத்திலிருந்து வந்தவர்தான்.

அந்த ஏடு இருந்தும் சிப்பாய்க்குச் சண்டை ஓயவில்லை. 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஊன பென்சன் கிடையாது, நோய் பணியால் வந்ததாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. சேர்க்கும்போது நல்ல உடம்பு என்று எழுதி வாங்கியவர்கள், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததில்லை என்றால் அதைத் தாங்களே நிரூபிக்க வேண்டும் என்றது. 2023-இல் விதிகளையே மாற்றி எழுதினார்கள். சண்டை தொடர்கிறது.

அந்த நியாயம் வெடிக்கட்டுக்கு ஏன் பொருந்தாது? 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். அச்சன்குளத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயம் தொகை விதித்தது: சாவுக்கு 20 லட்சம், 50 விழுக்காட்டுக்கு மேல் வெந்தவர்களுக்கு 15 லட்சம், அதற்குக் கீழே படிப்படியாகக் குறைவு. பெரிய சாவு நடந்தால்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஒற்றை ஆள் ஒற்றை விரலை இழந்தால் அது செய்தியாவதுகூட இல்லை.

1923 சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. விழுக்காட்டுப் பட்டியல் அங்கேயும் இருக்கிறது. நாம் கேட்பது ஒன்றுதான். செட்டுக்குள் வெந்தவன் அந்த செட்டின் தொழிலாளி. இல்லையென்றால் முதலாளி நிரூபிக்கட்டும்.

அதுவரை நம் ஏட்டை நாமே எழுதுவோம். கூலி வாங்கிய அன்றே தேதியும் தொகையும் நோட்டில் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் 'வீட்டு அடுப்பில் பட்டது' என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். எந்த செட், என்ன வேலை என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். போலீசில் எப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள்.

அன்று மருமகன் மற்றக் கைப் பெருவிரலில் மை தடவி மனுவில் வைத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது பட்டாளத்து மாமா.